கனகராயன் ஆறு

ஆறு என்றவுடன் நம் நெஞ்சில் முந்தித் தோன்றுவன பேராறுகளே. மகாவலி கங்கை என்போம், களனி என்போம், கடல் கடந்தால் காவிரி, கங்கை, நைல் என்று அடுக்கிச் செல்வோம். நாம் மாணவராயிருந்த காலத்தில், பூமிசாத்திரம் என்று அன்று வழங்கிய பாடத்திலே தேம்ஸ் நதிக்கரைப் பட்டினங்களை வரிசை பிழையாமல் ஒப்புவித்தோம். மிசிசிப்பியின் கழிமுகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தோம். ஆயின், விடுமுறைக் காலத்திலே புகைவண்டியேறித் தெற்கு நோக்கிச் செல்லும்போது, பரந்தன் கழிந்து, கிளிநொச்சி கழிந்து, மாங்குளம், புளியங்குளம் என்று காடு இருமருங்கும் ஓடி மறைய, அக்காட்டினுள்ளே ஒரு சிற்றாறு நமக்கு எதிர்த்திசையில், நம் ஊர்ப்பக்கமாகவே வந்துகொண்டிருக்கின்றது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. அவ்வாற்றின் பெயர் கனகராயன் ஆறு. இம்மலருக்கு ஒரு பாடக்கட்டுரை வேண்டுமென்று கேட்டபொழுது, அந்தப் பழைய கடனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம்.

இலங்கைப் படத்தை விரித்து வன்னிப் பகுதியைச் சற்று நிதானித்து நோக்குவோமாயின் ஒன்று புலப்படும். அருவியாறு, பறங்கியாறு, பாலியாறு என்பன மேற்கே திரும்பி மன்னார்ப் பக்கத்துக் கடலைச் சேர்கின்றன. பேராறு கிழக்கே சென்று முல்லைத்தீவை அடுத்த நந்திக்கடலில் விழுகின்றது. இவற்றுக்கு நடுவே கனகராயன் ஆறு மட்டும் கிழக்குமின்றி மேற்குமின்றி நேரே வடக்கு நோக்கி ஓடுகின்றது. வவுனியாவுக்கு வடக்கேயுள்ள காட்டு மேட்டிலே பல சிறு ஓடைகளாகத் தொடங்கி, வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்னும் மூன்று மாவட்டங்களையும் தொட்டுக்கொண்டு, கண்டி வீதியையும் புகைவண்டிப் பாதையையும் போலவே தெற்கு வடக்காகக் கிடந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அதன் கீழே வயல் வெளிகளைக் கடந்து, சுண்டிக்குளக் கடல்நீரேரியிலே கலக்கின்றது. அது பிறக்கும் இடமோ கடல்மட்டத்துக்கு மேல் 300 அடியும் இல்லாத மேடு. மலையிலே பிறவாத ஆறு இது. அருவி என்று சொல்லத்தக்க வீழ்ச்சி ஒன்றும் இதற்கு இல்லை. நிலம் சாய்கின்ற பக்கத்துக்கு நீரும் அவசரமின்றிச் சாய்கின்றது, அவ்வளவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு இல்லாமையையும் இருபது முப்பது மைல் தெற்கே ஆறுகள் பல இருத்தலையும் மாணவர் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழையின் அளவிலே பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை நிலத்தின் அடியிலே உள்ளது. குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மழைநீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகின்றது. அந்நீரையே நாம் கிணறு வெட்டி எடுக்கின்றோம். மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் வழுக்கியாறு ஒன்றைத் தவிர ஆறு என்று சுட்ட அங்கே யாதும் இல்லை. வன்னியின் அடித்தளமோ அதனினும் மிகப் பழைய, பளிங்குத் தன்மையுடைய வன்பாறை. அது நீரை எளிதிலே உள்ளே விடாது. மேலே சில அடி ஆழத்துக்குச் செங்கபிலநிற மண். பள்ளங்களிலே கனத்த களிமண். இவற்றை நனைத்து எஞ்சிய நீர் நிலத்தின்மேல் ஓடியே தீரவேண்டும். ஆகவே குடாநாட்டானுக்குக் கிணறும் வன்னியானுக்குக் குளமும் வாய்த்தமை அவரவர் விருப்பத்தால் வந்ததன்று. பாறை செய்த ஏற்பாடு அது.

இவ்வாறு ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வன்னியிலே ஆண்டு மழை ஏறத்தாழ 50 அங்குலத்துக்கும் 60 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. கொழும்பிலே பெய்வதோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் இங்கிலாந்தின் தலைநகரிலே பெய்வதைப் போல இரு மடங்குக்கும் மேல். எனவே மழை இல்லாத நாடு என்று இதனைச் சொல்லுதல் பொருந்தாது. குறை அளவில் அன்று, பங்கீட்டில் உள்ளது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட மழை ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள வாடைக்காற்றுக் காலத்திலே, அதுவும் சில நாள்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. வங்காள விரிகுடாவிலே தாழமுக்கம் ஒன்று உருவாகி வடகரையை அணுகுமாயின் இரண்டு நாளில் ஒரு மாத மழை பெய்துவிடும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷாப் புயலும், 2020 டிசம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவிப் புயலும் அத்தகையன. சித்திரையிலே பின்னேர இடிமழை சிறிது உண்டு. அதன்பின் சோளகம் எழுந்துவிடும். மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு வருகின்ற அக்காற்று, வன்னிக்கு வரும்போது துணி உலர்த்தவே உதவும். நிலத்தின் ஈரத்தையும் குளத்தின் நீரையும் அது உறிஞ்சிக்கொண்டு போகின்றது.

ஆகவே மார்கழியிலே இவ்வாற்றைப் பார்த்தவனும் ஆவணியிலே பார்த்தவனும் ஒரே ஆற்றைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய மாட்டார்கள். மார்கழியிலே கரை தெரியாது. மரங்களின் இடுப்பளவிலே செந்நீர் சுழித்துப் போகும். ஆவணியிலே வெண்மணற் படுகை ஒன்று காட்டினூடே வளைந்து கிடக்கும். அதிலே நாம் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடக்கலாம். மணலிலே முழங்கையளவு கிண்டினால் ஊற்று வரும். யானைகள் இந்த உண்மையை நமக்கு முன்னமே அறிந்தவை. அவை காலாலே பறித்து நீர் குடித்த குழிகளை அங்கே காணலாம். வளைவுகளின் வெளிப்புறத்திலே, வெள்ளம் மோதிக் குடைந்த இடங்களில், மணல் இன்றி ஆழ்ந்த பள்ளங்கள் இருக்கும். ஓட்டம் நின்ற பின்னும் அவற்றில் நீர் நிற்கும். அவையே மடுக்கள். மானும் மரையும் கரடியும் பன்றியும் கோடை கழிப்பது அவற்றை நம்பியே. முதலையும் அங்கேதான் ஒதுங்கும்.

அந்த மடுக்களுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. ஓடுகின்ற நீரிலே வளராத மலேரியா நுளம்பு, ஓட்டம் அறுந்து தேங்கிய தெளிந்த நீரிலே பெருகும். வன்னி நெடுங்காலம் ஆளரவம் குறைந்து காடாகக் கிடந்தமைக்குப் போர், பஞ்சம் முதலிய காரணங்கள் பல கூறப்படும். அவற்றோடு இக்காய்ச்சலையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895ஆம் ஆண்டு வெளியிட்ட கைந்நூல் அக்கால வன்னியின் குளங்களையும் கிராமங்களையும் விரிவாகப் பதிந்து வைத்திருக்கின்றது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, 1946 அளவில் டி.டி.ரீ. தெளிக்கத் தொடங்கிய பின்னரே குடாநாட்டார் அச்சமின்றி இங்கே குடியேறினர். 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இன்று இளைஞர் ஒருவருக்கு வன்னிக் காய்ச்சல் என்று சொன்னால் விளக்கம் கேட்பார். நம் பாட்டன்மாருக்கு அச்சொல்லே போதுமானதாயிருந்தது.

ஊர்ப்பெயர்கள் ஒரு நாட்டின் புவியியலை எழுதிவைத்த ஏடுகள் என்பதில் ஐயமில்லை. இவ்வாற்றுப் பக்கத்திலே அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குளங்கள்; ஒலுமடு, சேமமடு, இரணைமடு என்று மடுக்கள்; கீழே வயற்பக்கத்திலே முரசுமோட்டை. குளம் என்பது கட்டுக் கட்டி மறித்த நீர்நிலை. மடு இயற்கையாய் ஆழ்ந்தது. மோட்டை என்பது ஆழமில்லாத சிறு நீர்நிலை, கோடையில் வற்றிப்போவது. இம்மூன்றையும் ஒன்றாக்கிக் குட்டை என்று மொழிபெயர்த்துவிட்டால் வன்னியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் எஞ்சாது. இன்னுமொரு சொல் உண்டு: முறிப்பு. கரிப்பட்டமுறிப்பு என்ற ஊர்ப்பெயரைப் பலர் கேட்டிருப்பர். கட்டு முறிந்து கைவிடப்பட்ட குளத்துக்கு வன்னியார் இட்ட பெயர் அது. எப்பொழுதோ ஒரு மாரியிலே முறிந்த கட்டைத் திருப்பிக் கட்ட ஆளில்லாமற் போன துயரம் முழுவதும் அந்த ஒரு சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றது.

இனி இரணைமடு என்ற பெயர். இரட்டைப் பிள்ளைகளை நாம் இரணைப் பிள்ளைகள் என்கின்றோம். இரணையான மடு இரணைமடு. குளம் தோன்றுவதற்கு முன் ஆற்றிலே அடுத்தடுத்துக் கிடந்த இரு நீர்நிலைகளைக் குறித்த பெயர். இன்று இவ்விரண்டும் ஒரே நீர்ப்பரப்பின் அடியில் மறைந்துவிட்டன. பெயர் மட்டும் மேலே மிதக்கின்றது.

காட்டைப் பற்றிக் கூறாது இவ்வாற்றைப் பற்றிக் கூறுதல் இயலாது. இது ஈரவலயத்துக் காடு போல வானளாவிய காடன்று. உலர்வலயத்துப் பசுமைக்காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்பன மேட்டு நிலத்து மரங்கள். பாலையும் வீரையும் பழுக்கும் பருவத்திலே கரடிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் வேலை இருக்கும். பாலைப்பழத்தின் பால் உதட்டிலே ஒட்டிக்கொள்ள, விடை சொல்ல வாய் திறக்க முடியாமல் வகுப்பிலே நின்றவர்களை நாம் அறிவோம். ஆற்றங்கரைக்கு வந்தவுடன் மரங்கள் மாறிவிடுகின்றன. அங்கே மருது, இலுப்பை, நாவல், பனிச்சை. மேட்டுக்காட்டு மரங்களினும் இவை உயர்ந்தவை, பருத்தவை. கோடையிலும் இவற்றின் வேர் மணலடி நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதே காரணம். உயர்ந்த இடத்தில் நின்று நோக்கினால், மங்கிய பச்சையான காட்டினூடே கரும்பச்சை வரி ஒன்று வளைந்து செல்வது தெரியும். நீர் தெரியாவிட்டாலும் ஆறு தெரியும்.

இக்கரைமரங்கள் ஆற்றுக்குச் செய்யும் உதவி பெரிது. மருதின் வேர் கரையைக் கட்டி நிறுத்துகின்றது. மேட்டுக்காடோ பெய்த மழையின் வேகத்தை இலையிலும் சருகிலும் தடுத்து, மண்ணிலே இறங்க நேரம் கொடுத்து, மெல்ல ஆற்றுக்கு அனுப்புகின்றது. காட்டை வெட்டினால் ஆற்றுக்கு வரும் நீர் குறையும் என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அது முழு உண்மையன்று. மரங்களும் நீர் குடிப்பவையே. வெட்டிய நிலத்திலிருந்து சில வேளை கூடுதல் நீரே ஓடி வரும். ஆனால் அது ஒரேயடியாக வரும், மண்ணையும் வாரிக்கொண்டு வரும், பங்குனியிலே நின்றுவிடும். குளத்துக்கு வேண்டியது நீர் மட்டுமன்று, தெளிந்த நீர், தாமதித்து வரும் நீர். வண்டல் ஓர் அங்குலம் ஏறினால் குளம் அவ்வளவு நீரை என்றைக்கும் இழந்துவிடுகின்றது. கட்டை உயர்த்தலாம், ஆனால் எத்தனை முறை உயர்த்துவது? பழைய வன்னியார் குளத்துக்கு மேலே காட்டையும், குளத்துக்குக் கீழே வயலையும், வயலுக்குக் கீழே அடுத்த குளத்தையும் வைத்தனர். மேற்குளத்து வயலின் கழிவுநீரே கீழ்க்குளத்தின் வரவு. குளத்தொடர் என்று இக்காலப் புவியியலாளர் இதற்குப் பெயரிட்டு ஆராய்கின்றனர். இதனை அமைத்தவர்களோ ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் எழுதினாரல்லர்.

ஆற்றை மறித்து இரணைமடுவிலே பெருங்குளம் ஒன்று கட்டலாம் என்ற யோசனையை 1885ஆம் ஆண்டு ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் முன்வைத்தார். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. கிளிநொச்சி என்ற ஊர் தோன்றியதும் இந்த வேலையையும் அதனோடு வந்த குடியேற்றத்தையும் சார்ந்தே. 1905இல் யாழ்ப்பாணத்துப் புகைவண்டிப் பாதை தெற்கோடு இணைந்தமை இதற்குப் பெருந்துணை. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் எழுபதுகளிலும் கட்டு உயர்த்தப்பட்டு, குளத்தின் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியாகப் பெருகிற்று. அஃதாவது ஏறத்தாழ 13 கோடியே 10 இலட்சம் கன மீற்றர். வட மாகாணத்திலே இதனிற் பெரிய குளம் வேறில்லை.

இரணைமடுவைப் பற்றி நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றை இடையிலே சொல்லிவிடுகின்றோம். அங்கே செம்மணலின் அடியிலே பருக்கைக்கல் படை ஒன்று கிடக்கின்றது. இலங்கைக் கரையோரங்களில் இத்தகைய படைகள் காணப்படும் இடங்களுக்கெல்லாம் ஆய்வாளர் இட்ட பொதுப்பெயர் இரணைமடு அமைவு என்பது. அப்பருக்கைகளிடையே பழங் கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. சிரான் தெரணியகல 1992ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைத் தொல்வரலாற்று நூலிலே இவை விரிவாக ஆராயப்பட்டுள. தென்கரையிலே இதே அமைவைச் சேர்ந்த படைகளுக்கு ஓர் இலட்சம் ஆண்டுகளைக் கடந்த காலமும் கணிக்கப்பட்டிருக்கின்றது. உலகத்துத் தொல்லியல் நூல்களிலே தமிழ்ச்சொல் ஒன்று நிலவியற் பெயராக நிற்பதைக் காணும்போது, அந்த இரட்டை மடுவிலே நீர் குடித்த முதல் மனிதன் யாரோ என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

மாணவர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். இரணைமடுவுக்கு மேலுள்ள நீரேந்து பரப்பு 227 சதுரமைல், அஃதாவது 588 சதுரக் கிலோமீற்றர். ஒரு சதுரமைலுக்கு 640 ஏக்கராக அது 145,280 ஏக்கர். இவ்வளவு நிலத்திலும் ஓர் அங்குல நீர் வழிந்தோடி வந்தால், பன்னிரண்டால் வகுக்கக் கிடைப்பது 12,106 ஏக்கர் அடி. வெறுமையாய்க் கிடக்கும் குளம் நிரம்ப வேண்டுமாயின் ஏறத்தாழ 8¾ அங்குல நீர் வழிந்து வரவேண்டும். பெய்வது 50 முதல் 60 அங்குலம் என்று முன்னே கண்டோம். ஆகவே பெய்த மழையிலே ஆறில் ஒன்றோ ஏழில் ஒன்றோ குளத்தை அடைந்தாற் போதும். எஞ்சியது எங்கே போகின்றது என்று கேட்கலாம். மண் குடிப்பது ஒரு பங்கு. மரம் குடிப்பது ஒரு பங்கு. மேலேயுள்ள சிறு குளங்கள் மறிப்பது ஒரு பங்கு. வெயில் கொண்டுபோவது பெரும் பங்கு. நிரம்பிய பின்னும் வெயில் விடுவதில்லை. இந்நாட்டு உலர்வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டொன்றுக்கு ஐந்தடி அளவிலே ஆவியாகிவிடும். பரந்து ஆழமற்ற குளத்துக்கு இது சிறு இழப்பன்று.

இக்கணக்கிலிருந்து தெளிவாவது, குளம் நிரம்புவதும் நிரம்பாமையும் சில அங்குல மழையிலே தங்கியிருக்கின்றது என்பது. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியிலே நீர் மிகத் தாழ்ந்தது. சிறுபோகத்தை நம்பியிருந்தோர் கையைப் பிசைந்தனர். குளம் புதுக்கப்பட்டு, நீர்மட்டமும் உயர்த்தப்பட்டு, 2018 டிசம்பர் முற்பகுதியிலே மீளத் திறக்கப்பட்டது. இரு கிழமை கழியுமுன், அதே மாதம் 21, 22ஆம் நாள்களிலே மேலே காட்டில் பெய்த பெருமழை ஓரிரவில் இறங்கி வந்தது. வான்கதவுகள் திறக்கப்பட, கீழேயுள்ள ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் பாடசாலைகளிலே தங்கினர். காலபோகப் பயிர் அழிந்தது. கதவுகளை எந்த வேளையிலே திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் அதன்பின் நெடுநாள் நடந்தது. அதில் யார் சொன்னது சரியென்று இங்கே தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. ஆயின் 227 சதுரமைலில் ஆறங்குல நீர் ஓரிரவில் வழிந்தால் வருவது 72,000 ஏக்கர் அடிக்கு மேல் என்பதைப் பெருக்கிப் பார்த்தவனுக்கு, முக்கால்வாசி நிறைந்த குளம் அதனை ஏற்க மாட்டாது என்பது விளங்கும். வறட்சிக்கு அஞ்சி நிறைத்து வைப்பதா, வெள்ளத்துக்கு அஞ்சி இடம் விட்டு வைப்பதா என்பது இக்குளத்தைக் காப்பவர் ஒவ்வொரு கார்த்திகையிலும் விடைகாண வேண்டிய வினா. காட்டினுள்ளே மழைமானிகளும் ஆற்றிலே நீர்மட்டக் கோல்களும் போதிய அளவில் இருந்து, அவற்றின் செய்தி உடனுக்குடன் வந்தாலன்றி அதற்கு விடை வெறும் ஊகமே.

குளத்தின் கீழே ஆறு தன் உருவத்தைப் பெரிதும் இழந்துவிடுகின்றது. துருசு வழியே வாய்க்கால்களிற் புகுந்த நீர் வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம், கண்டாவளை முதலிய பகுதிகளுக்குப் போய்விட, பழைய ஆற்றுப் படுகைக்கு எஞ்சுவது வான் பாய்ந்த நீரும் வயல்களின் வடிநீருமே. வயலின் செழிப்பைப் பற்றி எல்லாரும் அறிவர், அதனை விரிக்கவில்லை. எல்லாரும் அறியாதது மணலின் கதை.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கெங்கும் வீடுகள் எழுந்தன; வீதிகள் எழுந்தன; அவற்றுக்கு மணல் வேண்டும். ஆற்றுமணலே நன்மணல். உழவு இயந்திரமும் டிப்பர் வண்டியும் ஆற்றுக்குள் இறங்கின. அனுமதி பெற்றவை சில, பெறாதவை பல. ஆற்றுமணலைச் சும்மா கிடக்கும் பொருள் என்று எண்ணுதல் பிழை. அது கோடை முழுவதற்கும் நீரைப் பொதிந்து வைத்திருக்கும் பஞ்சு. அதனை அள்ளிப் படுகையை ஐந்தடி தாழ்த்தினால், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் அதனைத் தொடர்ந்து இறங்கும். கரையின் அடி குடைபட்டு, நூறாண்டு நின்ற மருது வேர் தெரியச் சாயும். சாய்ந்த கரையினூடே அடுத்த வெள்ளம் வயலுக்குள் புகும். மேலேயிருந்து புது மணல் வராதா எனின், வராது. வருகின்ற மணலை இரணைமடு தன்னிடத்திலே நிறுத்திக்கொள்கின்றது. கட்டுக்குக் கீழே அள்ளிய மணல் அள்ளியதுதான். நம் வீட்டுச் சுவரிலே பூசிய சாந்து எந்த ஆற்றின் படுகை என்று நாம் யாரும் கேட்டதில்லை. இதனை எழுதுபவரும் கேட்டதில்லை. வீடு கட்டி முடிந்த பின்னரே இதைப் பற்றிப் படித்தோம்.

இனி, குடாநாட்டவராகிய நமக்கு நேரே சம்பந்தமான பகுதிக்கு வருகின்றோம். ஆறு சேரும் சுண்டிக்குளக் கடல்நீரேரி ஆனையிறவு வரை மேற்கே நீள்கின்றது. மாரியிலே கனகராயன் ஆறும் நெத்தலியாறும் பிற ஓடைகளும் கொண்டுவரும் நன்னீர் இங்கே உவரோடு கலந்து கடலுக்குப் போகின்றது. அந்நீரைக் கடலுக்கு விடாமல் நிறுத்தி, ஆற்றில்லாத யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றை உண்டாக்கலாமே என்று பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டார். மேற்கே ஆனையிறவுப் பாலங்களை அடைத்தல். கிழக்கே சுண்டிக்குளத்தில் அணை ஒன்று கட்டி மிகைநீர் மட்டும் கடலுக்கு வழிய விடுதல். இடையே கடல்நீரேரி மெல்ல நன்னீரேரியாகும். பின் முள்ளியானிலே சில மைல் வாய்க்கால் வெட்டி அந்நீரை வடமராட்சிக் கடல்நீரேரிக்கு அனுப்புதல். தொண்டைமானாற்றிலும் அரியாலைப் பக்கத்திலும் தடுப்பணைகள் உவர்நீரை உள்ளே விடாது காத்தல். குடாநாட்டின் கிணறுகள் இதனால் இனிக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வேலைகள் தொடங்கின, சில முடிந்தன, சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தினால் உடைந்தது, முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. அதன்பின் எழுபதாண்டு கழிந்தும் அத்திட்டத்தை நம்மவர் மறக்கவுமில்லை, முடிக்கவுமில்லை.

வேறொரு வழியும் முயலப்பட்டது. 2011 அளவிலே, இரணைமடுவிலிருந்து குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 27,000 கன மீற்றர் எடுப்பதாக ஏற்பாடு. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குடாநாட்டிலே அவ்வெதிர்ப்பைக் கேட்டுச் சிலர் வெகுண்டனர். தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதா என்றனர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணியதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே விவசாயியின் அச்சம் விளங்கிற்று. ஆண்டுக்கு அது ஒரு கோடிக் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நிரம்பிய குளத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆயின் வயல் போகத்துக்குப் போகம் நீர் கேட்கும். நீரில்லாத ஆண்டில் விதைக்காமல் விட்டுவிடலாம். வாயோ நாள்தோறும் கேட்கும். வறண்ட ஆண்டிலும் கேட்கும். குளம் நிரம்பிய ஆண்டில் யாருக்கும் குறையில்லை. குளம் கால்வாசியாய்க் கிடக்கும் ஆவணியிலே அந்த 27,000 கன மீற்றர் பதின்மூன்றில் ஒரு பங்காக இராது. அவ்வாண்டுச் சிறுபோகத்தைக் கைவிடச் சொல்லும் பங்காகிவிடும். சராசரியைக் கொண்டு ஆற்றை அளப்பவர் வழுக்கும் இடம் இது.

குடாநாட்டாரின் தேவையும் பொய்யன்று. நம் கிணறுகளிலே உவர் ஏறுகின்றது. உரமும் மலக்குழியும் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. முடிவிலே ஆற்றைவிட்டுக் கடலையே நாடினர். தாளையடியிலே நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அந்நீருக்கு மின்சாரச் செலவு உண்டு, பராமரிப்புச் செலவு உண்டு. காட்டினூடே இலவசமாக வரும் நீரைப் போல அது மலிவன்று. எனினும் ஓர் ஊரின் வயலை உலரவைத்து மற்றோர் ஊரின் குடத்தை நிரப்பும் வழக்கிலிருந்து அது நம்மை ஓரளவு விடுவித்திருக்கின்றது. இரணைமடு விவசாயியோடு நாம் மீண்டும் பேச வேண்டிய நாள் வருமாயின், அவர் காட்டும் கணக்கையும் கையிலே வைத்துக்கொண்டு பேசுதல் தகும்.

கடலுக்குப் போகும் நீர் வீணாய்ப் போகும் நீர் என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. சுண்டிக்குளத்தை மாரி முடிவிலே சென்று பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். 1938ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்ட இடம் அது. வடநாட்டுக் குளிரிலிருந்து வந்த தாராக்களும், பூநாரைகளும், கூழைக்கடாக்களும் அங்கே மேய்வதற்குக் காரணம் ஆறு கொண்டுவந்து உவரிலே கரைத்துவிடும் நீரும் சேறுமே. ஆண்டில் பெரும்பகுதி அந்நீரேரியின் வாயை மணற்றடை அடைத்துக்கொண்டு நிற்கும். மேலே காட்டிலே பெருமழை பெய்து, இரணைமடு வான் பாய்ந்து, நீரேரி ஏறத் தொடங்கினால் ஒரு நாள் அத்தடை உடையும். செந்நிற நீர் நீலக்கடலுக்குள் நெடுந்தூரம் போவது தெரியும். மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் அந்தத் திறந்த வாயினூடே எதிர்நீந்தி உள்ளே வரும். வலைகாரர் அதற்காகக் காத்திருப்பர். மாசி கழிய, அலை பழையபடி மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். அந்நாள்களிலே மாங்குளத்துக்குக் கிழக்கே, மருதமர நிழலில், ஆறு ஓட்டம் தளர்ந்து மடு மடுவாகப் பிரியத் தொடங்கியிருக்கும்.